அவர்களுக்காகக் காத்திருப்பது யார்? – இளையோருடன் பயணித்தலும் தொன் போஸ்கோ காட்டிய வழியும்

1841-ஆம் ஆண்டு வட இத்தாலியிலுள்ள தூரின் நகரில் ஓர் இளம் குருவானவர் சிறைச்சாலைகளுக்குச் சென்று வரத் தொடங்கினார். அவருக்கு வயது 26. குருப்பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. சிறைக்குள் அவர் கண்ட காட்சி அவரை நிலைகுலையச் செய்தது. 12 முதல் 18 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் அங்கே கூட்டமாக அடைபட்டிருந்தனர். நல்ல உடல்நலமும் கூர்மையான அறிவும் உள்ள பிள்ளைகள், பூச்சிக்கடிக்கும் பசிக்கும் நடுவே வேலையின்றி உட்கார்ந்திருந்தனர்.

அதைவிட அவரை அதிகம் வருத்தியது வேறொன்று. இனி ஒழுங்காக வாழ்வோம் என்று உறுதிகொண்டு விடுதலையான பலர், சில நாள்களிலேயே மறுபடியும் அதே சிறைக்குத் திரும்பி வந்தார்கள். ஏன் என்று அவர் ஆராய்ந்து பார்த்தார். சிறைவாசலுக்கு வெளியே அவர்களுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. வேலை தேடித்தரவோ, ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போகலாம் என்று சொல்லவோ, தோளில் கை போட்டு விசாரிக்கவோ யாருமில்லை. வெளியே அக்கறையுள்ள ஒரு நண்பர் இருந்திருந்தால் இவர்களில் பலர் கெட்டுப்போயிருக்க மாட்டார்கள் அல்லவா என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே தம் வாழ்நாள் முழுவதையும் அவர் கொடுத்தார். அவரைத்தான் நாம் புனித ஜான் போஸ்கோ என்றும், அன்போடு தொன் போஸ்கோ என்றும் அழைக்கிறோம்.

இன்று நம் பங்குகளிலும் இளையோரைப் பற்றிய கவலை அதிகம் பேசப்படுகிறது. கோவிலுக்கு வருவதில்லை, பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதில்லை, கைப்பேசியை விடுவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் அவர்கள் தேர்வில் தோற்று வெளியே வரும்போதும், கல்லூரி முடித்து வேலையில்லாமல் நிற்கும்போதும், தவறு செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும்போதும் அவர்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்? நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

உடன்பயணித்தல் என்றால் என்ன?

இளையோருக்குப் பாடம் சொல்லித்தருபவர் ஆசிரியர். உண்ணவும் உடுக்கவும் கொடுத்துக் காப்பவர்கள் பெற்றோர். உடன்பயணிப்பவரின் பணி இவ்விரண்டோடும் தொடர்புடையது என்றாலும் சற்று வேறானது. அவர் ஓர் இளைஞரை அவருடைய பெயரோடும் குடும்பச் சூழலோடும் திறமைகளோடும் பலவீனங்களோடும் அறிந்திருக்கிறார். அவரோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கிறார். அவர் கற்கவும் வளரவும் சரியான முடிவுகளை எடுக்கவும் துணைநிற்கிறார். அந்த முடிவுகளை அவருக்குப் பதிலாகத் தாமே எடுப்பதில்லை.

விவிலியத்தில் இதற்கு அழகான எடுத்துக்காட்டுகள் உண்டு. சிறுவன் சாமுவேலை ஆண்டவர் இரவில் பெயர் சொல்லி அழைத்தபோது, அழைப்பது குரு ஏலிதான் என்று நினைத்து அவன் மூன்றுமுறை அவரிடம் ஓடினான். அந்தக் குரல் ஏலிக்குக் கேட்கவில்லை. சிறுவனுக்குத்தான் கேட்டது. ஆனாலும் அது யாருடைய குரல் என்பதைப் புரிந்துகொண்டு, எப்படிப் பதில்கூற வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் ஏலி. தம் சொந்த மக்களைத் திருத்தத் தவறிய முதியவர் அவர். குறைகள் இருந்தும் ஒரு சிறுவனுக்கு வழித்துணையாக இருக்க அவரால் முடிந்தது.

எம்மாவு சாலையில் உயிர்த்த இயேசு செய்ததும் இதுவே. மனம் உடைந்து நடந்த இரு சீடர்களோடு அவர் முதலில் சேர்ந்து நடந்தார். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அவர்களைக் கொட்டித்தீர்க்க விட்டார். அதன் பிறகே மறைநூலை விளக்கினார். அவர்களது கண்கள் திறந்ததும் மறைந்துபோனார். எருசலேமுக்குத் திரும்பும் பாதையைச் சீடர்கள் தாங்களே நடந்தார்கள்.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உரோமையில் நடைபெற்ற ஆயர் மாமன்றம் இளையோரைப் பற்றியே சிந்தித்தது. அதற்கு முன்னர் மார்ச் மாதத்தில் பல நாடுகளின் இளையோர் அங்கே கூடி, தங்களுக்கு எப்படிப்பட்ட வழித்துணைகள் வேண்டும் என்று சொன்னார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் அவர்கள் கேட்டதைச் சேர்த்துள்ளார். குறையே இல்லாத மனிதர்களை அவர்கள் கேட்கவில்லை. தம் குறைகளை ஒப்புக்கொள்ளும், தீர்ப்பிடாமல் செவிசாய்க்கும், தங்களைப் பின்னால் இழுத்துச் செல்லாமல் பக்கத்தில் நடந்து வரும் மனிதர்களையே கேட்டார்கள்.

தமக்குக் கிடைத்ததையே அவர் கொடுத்தார்

தொன் போஸ்கோ இக்கலையை எங்கே கற்றார்? அவருடைய இளமையைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1815 ஆகஸ்டு 16-ஆம் நாள் பீட்மோண்ட் பகுதியிலுள்ள பெக்கி என்ற குக்கிராமத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் மார்கரீத்தா, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அவர்களில் மூத்தவனான அந்தோணி முதல் தாரத்தின் பிள்ளை. வயலில் வேலை செய்ய ஆள் இல்லாதபோது தம்பிக்குப் படிப்பு எதற்கு என்பது அவன் வாதம். வீட்டில் சமாதானம் கெட்டதால், 1828-இல் தாய் அச்சிறுவனைப் பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் வேலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்நாள்களில் சாலையில் எதிர்ப்படும் குருக்களுக்குச் சிறுவன் ஜான் வணக்கம் சொல்வான். அவர்களும் பதில்வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் குருவானால் பிள்ளைகளிடம் நானே போய்ப் பேசுவேன் என்று அவன் தாயிடம் சொல்லுவானாம். பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியுள்ளார். வணக்கத்தோடு நின்றுவிட்ட அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் ஒரு சிறுவன் அதை அறுபது வயதிலும் மறக்கவில்லை.

1829 நவம்பரில் அந்தக் குறை தீர்ந்தது. பக்கத்து ஊரில் நடந்த தியான மறையுரைகளைக் கேட்டுவிட்டு மக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். மொரியால்தோ சிற்றாலயத்தைக் கவனித்துவந்த முதிய குருவானவர் கலோஸோ, கூட்டத்தில் நடந்துவந்த அந்தச் சிறுவனிடம் பேச்சுக் கொடுத்தார். மறையுரையில் உனக்கு என்ன புரிந்தது, நாலு வார்த்தை சொன்னால் நாலு காசு தருகிறேன் என்று வேடிக்கையாகக் கேட்டார். சிறுவனோ மறையுரையின் பெரும்பகுதியை நடந்துகொண்டே ஒப்பித்தான். வியந்துபோன முதியவர் அவனுடைய பெயர், குடும்பம், படிப்பு, ஆசை எல்லாவற்றையும் கேட்டறிந்தார். அவனைப் படிக்கவைக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

அவர் இலத்தீன் மட்டும் சொல்லித்தரவில்லை. நாள்தோறும் சிறிதுநேரம் தியானிக்கப் பழக்கினார். வயதுக்குப் பொருந்தாத ஒறுத்தல் முயற்சி ஒன்றை அவன் செய்துவந்ததை அறிந்து தடுத்தார். சிறுவனும் தன் எண்ணங்கள், செயல்கள் அனைத்தையும் அவரிடம் திறந்து சொன்னான். நிலையான ஒரு வழிகாட்டி, நம்பிக்கைக்குரிய ஒரு நண்பர் இருப்பது எத்தகைய பேறு என்பதை அப்போதுதான் உணர்ந்ததாக அவர் எழுதுகிறார்.

அது ஓராண்டே நீடித்தது. 1830 நவம்பரில் கலோஸோ திடீரென நோயுற்று இறந்தார். பேசமுடியாத நிலையில் தம் பணப்பெட்டியின் சாவியைச் சிறுவனிடம் கொடுத்துச் சைகை காட்டினார். ஆனால் உறவினர்கள் வந்தபோது அவன் சாவியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டான். பணம் போனதற்காக அவன் அழவில்லை. அந்த மனிதரை இழந்த துயரத்தால் அவன் வாடியதைக் கண்டு, தாய் அவனைச் சிலகாலம் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவைக்க நேர்ந்தது. துணையாக வந்த பெரியவர் பாதியில் இல்லாமல் போனால் ஓர் இளம் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை இந்த நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

பின்னாளில் அவருக்குக் கிடைத்த வழித்துணை, அவரைவிட நான்கே வயது மூத்தவரும் அதே வட்டாரத்தைச் சேர்ந்தவருமான அருள்பணியாளர் யோசேப்பு கஃபாஸோ. இவரும் 1947-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இளம் குருவைத் தூரினுக்கு வரவழைத்து மேற்பயிற்சி பெறச் செய்தவரும், சிறைச்சாலைகளுக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவரும் இவரே. 1844-இல் பயிற்சி முடிந்து எந்தப் பணிக்குச் செல்வது என்ற கேள்வி எழுந்தபோது, கஃபாஸோ முதலில் உன் மனம் எதை நாடுகிறது என்று கேட்டார். பிள்ளைகள் கூட்டத்தின் நடுவே இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது என்றார் தொன் போஸ்கோ. கஃபாஸோ உடனே பதில் சொல்லவில்லை. விடுமுறைக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்த பிறகும் சிலநாள் காத்திருந்தே, சிறுவர்களோடு பணியைத் தொடர வாய்ப்புள்ள ஓர் இடத்தைக் காட்டினார். நல்ல வழித்துணைக்கு அவசரம் இல்லை.

சீட்டியடிக்கத் தெரியுமா?

1841 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னை பெருவிழா. தூரின் அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்தில் தொன் போஸ்கோ திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தார். அந்த அறையின் ஓரத்தில் ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். பூசைக்கு உதவிசெய்யத் தெரியாது என்று அவன் சொன்னதும், கோவில்பிள்ளை கோபத்தோடு அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ தடுத்தார். அவன் என் நண்பன், உடனே கூப்பிடு என்றார்.

திருப்பலி முடிந்ததும் அவனோடு அமர்ந்து பேசினார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. ஊர் அஸ்தி. வயது 16. தாய் தந்தை இருவரும் இல்லை. எழுதவோ படிக்கவோ தெரியாது. புதுநன்மை வாங்கவில்லை. ஞானோபதேசத்துக்குப் போனால் தன்னைவிடச் சிறியவர்கள் எல்லாம் பதில்சொல்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றான். எல்லாக் கேள்விக்கும் இல்லை, தெரியாது என்றே விடைவந்தது. பாடத் தெரியுமா என்றார். அதுவும் தெரியாது. சரி, சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு வரும்வரை தொன் போஸ்கோ கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தெரியாதவற்றின் பட்டியலோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை; அவனுக்குத் தெரிந்த ஒன்றைத் தேடினார். அது கிடைத்த பிறகே, தனியாகச் சொல்லித்தந்தால் படிப்பாயா என்று கேட்டார். அடிக்கமாட்டார்கள் என்றால் வருகிறேன் என்றான் பையன். அன்றே சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தார். போகும்போது, அடுத்தமுறை உன் நண்பர்களையும் கூட்டிவா என்றார். அவன் கூட்டிவந்தான். ஆரட்டரி எனப்படும் இளையோர் இல்லத்தின் தொடக்கம் இதுவே. பல இடங்களிலிருந்து துரத்தப்பட்டு அலைந்த அக்கூட்டம், 1846 உயிர்ப்புப் பெருவிழா அன்று வல்தோக்கோ பகுதியில் ஒரு தாழ்ந்த கொட்டகையில் நிலையான இடம் பெற்றது.

கற்றலும் தொழிலும்

இளையோரிடம் அன்பாகப் பேசுவதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை. மாலை நேர வகுப்புகளில் அவர்களுக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்தார். பீட்மோண்டில் 1850 முதல் மெட்ரிக் அளவுமுறை கட்டாயமாக இருந்தது. கடையிலும் கட்டட வேலையிலும் ஏழைப் பிள்ளைகள் ஏமாறக்கூடாது என்று, அதற்கு முன்னரே அம்முறையை எளிய நடையில் விளக்கும் சிறுநூலை எழுதி வெளியிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த பையன்களை அவர்கள் வேலைசெய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். முதலாளிகளிடம் பேசி முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிவைத்தார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சுத்தொழில் பயிலுநருக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. முதலாளி தொழிலை முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பையன் தவறினால் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக்கூடாது. வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வேலையே தர வேண்டும். ஞாயிறும் திருநாளும் அவனுக்கு விடுமுறை. அடிமைபோல் வேலைவாங்கப்பட்ட சிறுவர்களுக்காக ஒரு குருவானவர் இப்படிக் கையெழுத்திட்டது அக்காலத்தில் சிறிய செயல் அன்று. 1853 முதல் தமது இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு முதலிய தொழிற்கூடங்களை ஒவ்வொன்றாகத் தொடங்கினார்.

வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பித்தருவதும், கல்விக்கடன் பெற வழிசொல்வதும், நல்ல தொழிற்பயிற்சி நிலையத்தை அடையாளம் காட்டுவதும் ஆன்மிகப் பணி அல்ல என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. தொன் போஸ்கோ அவற்றைச் செபத்திலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்று பிள்ளைகள், மூன்று வழிகள்

எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது உடன்பயணித்தல் ஆகாது. அவரிடம் வளர்ந்த மூவரைப் பார்ப்போம்.

தொமினிக் சாவியோ 1854-இல் 12 வயதில் வந்தான். தன்னை நல்ல துணியாகவும் தொன் போஸ்கோவைத் தையற்காரராகவும் வைத்து அவர்கள் பேசிக்கொண்டது நாம் அறிந்ததே. சில மாதங்களில், புனிதனாவதைப் பற்றிய ஒரு மறையுரையைக் கேட்ட அவன், கடும் நோன்பும் ஒறுத்தலும் செய்ய முற்பட்டான். சிரிப்பும் விளையாட்டும் குறைந்தன. தொன் போஸ்கோ அவற்றைத் தடுத்துவிட்டார். உன் கடமைகளைச் சரியாகச் செய், மகிழ்ச்சியாக இரு, தோழர்களுக்கு உதவு, அதுவே உனக்குப் போதும் என்று வழிகாட்டினார். தமக்குச் சிறுவயதில் கலோஸோ செய்ததையே அவர் இங்கே செய்தார். 1857-இல் தொமினிக் இறந்தபோது அவனுக்கு 15 வயதுகூட நிறையவில்லை. 1954-இல் திருச்சபை அவனைப் புனிதன் என அறிவித்தது.

மிக்கேல் மகோனே வேறு மாதிரி. கர்மஞோலா இரயில் நிலையத்தில் ஓர் இலையுதிர்காலத்து மாலையில், கூச்சலிட்டு விளையாடிய பையன்களுக்குத் தளபதியாக நின்றவன் அவன். தந்தை இல்லை. பள்ளியிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தான். 1857-இல் ஆரட்டரிக்கு வந்ததும் ஓட்டமும் ஆட்டமுமாகத்தான் இருந்தான். புதிதாக வருபவனுக்கு நல்ல தோழன் ஒருவனைத் துணையாக வைப்பது அங்கே வழக்கம். மகோனே தகாத வார்த்தை பேசினால் அத்தோழன் அமைதியாகத் திருத்துவான். ஒரு மாதத்துக்குள் மகோனேயின் முகம் வாடியது. தோழன் அதைக் கண்டு தொன் போஸ்கோவிடம் சொன்னான். அவர் அவனைத் திட்டவோ துருவித்துருவிக் கேட்கவோ இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, மனச்சாட்சியின் பாரத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் இறக்கிவைக்க வழி சொன்னார். பையன் மீண்டும் சிரித்தான்.

மூன்றாமவன் மிக்கேல் ரூவா. சிறுவயதில் தந்தையை இழந்தவன். பிள்ளைகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்ட ஒருநாள், அவனுக்குத் தொன் போஸ்கோ ஒன்றும் தரவில்லை. தம் இடக்கையை நீட்டி, வலக்கையால் அதைப் பாதியாக வெட்டுவதுபோல் சைகை செய்து, இதை எடுத்துக்கொள் என்றார். பையனுக்கு அப்போது அது விளங்கவில்லை. எல்லாவற்றையும் நாம் இருவரும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வோம் என்பதே அதன் பொருள் என்று பின்னர் அறிந்துகொண்டான். 1888-இல் தொன் போஸ்கோ இறந்தபோது சலேசிய சபையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் இந்த ரூவாவே.

தொமினிக்கும் தோழர்களும் 1856-இல் அமல அன்னையின் பெயரால் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார்கள். புதியவர்களுக்கும் அடங்காதவர்களுக்கும் நண்பர்களாக இருப்பதே அவர்களது வேலை. 1859 டிசம்பர் 18-ஆம் நாள் தொன் போஸ்கோவுடன் சேர்த்து 18 பேர் கூடிச் சலேசிய சபையைத் தொடங்கியபோது, அவர்களில் பெரும்பாலோர் அவரே வளர்த்த இளைஞர்கள். துணைபெற்றவர்கள் துணைகொடுப்பவர்களாக மாறினார்கள்.

அன்பு செய்தால் மட்டும் போதாது

தம் அனுபவத்தை 1877-இல் ஒரு சிறு கட்டுரையாக அவர் எழுதிவைத்தார். தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, தவறு நடவாதபடி அன்போடு கூடவே இருப்பது மேல் என்பது அதன் சாரம். அறிவுக்கு ஏற்ற விளக்கம், சமயப் பற்று, கனிந்த அன்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள்.

ஆனால் அவருடைய வீட்டிலேயே அது தேய்ந்துபோன காலம் வந்தது. 1884 மே 10-ஆம் நாள் உரோமையிலிருந்து அவர் எழுதிய கடிதம் அதற்குச் சான்று. தாம் கண்ட கனவாக அதை அவர் எழுதுகிறார். முதலில் பழைய விளையாட்டுத் திடல் தெரிகிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக ஓடுகிறார்கள், பாடுகிறார்கள். அடுத்து அன்றைய திடல். பிள்ளைகள் சுவரில் சாய்ந்தும் மூலைகளில் ஒதுங்கியும் நிற்கிறார்கள். பொறுப்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டோ தூரத்திலிருந்து கண்காணித்துக்கொண்டோ இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். படிப்புக்காகவும் நிர்வாகத்துக்காகவும் உடல் தேய உழைத்தவர்கள். பிள்ளைகள்மீது அவர்களுக்கு அன்பும் உண்டு. அது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இளையோரை அன்பு செய்வது மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்பதே அக்கடிதத்தின் மையச் செய்தி.

பெற்றோராகிய நமக்கும் இது பொருந்தும். பிள்ளைக்காகக் கடன் வாங்குகிறோம், நகையை அடகு வைக்கிறோம், இரவு பகலாக உழைக்கிறோம். இது அன்புதான். ஆனால் பிள்ளைக்குத் தெரிவது மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் சுருங்கும் நம் முகம் மட்டும் என்றால், நம் அன்பு அவன் கைக்குப் போய்ச்சேரவில்லை என்றுதான் பொருள்.

1906 ஜனவரியில் சலேசியர்கள் முதன்முதலாக இந்தியாவில் பணியைத் தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர். மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று வந்த அவர்கள், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தையும் தொழிற்பயிற்சியையுமே முதலில் கையில் எடுத்தார்கள். ஆகவே இந்த வழிமுறை நமக்குப் புதியது அன்று.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

முதலாவது, பெயரை அறிவோம். நம் அன்பியத்தில் 13 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? உறுதிபூசுதல் பெற்றபின் காணாமல்போனவர்களைத் தேடிச் செல்பவர் யார்?

இரண்டாவது, ஒருவருக்கு ஒருவர் என்று பொறுப்பேற்போம். நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர், வங்கி ஊழியர், மின்பணியாளர், தையற்கலை அறிந்தோர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஓரிரு இளையோருக்கு ஓராண்டாவது தொடர்ந்து துணைநிற்க முன்வரலாம். மாதம் இருமுறை சந்தித்தால்கூடப் போதும். ஆனால் ஆர்வத்தோடு தொடங்கி மூன்றாம் மாதம் விட்டுவிடக் கூடாது. முடியாத சூழல் வந்தால் அதைச் சொல்லி விடைபெற்று, வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, முதலில் கேட்போம். அறிவுரை சொல்லும் ஆவலை அடக்கிக்கொள்வோம். அந்த இளைஞருக்கு எது நன்றாக வரும் என்று தேடுவோம். சமையலோ, கால்பந்தோ, இருசக்கர வாகனம் பழுதுபார்ப்பதோ எதுவானாலும் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

நான்காவது, பிறர்முன் அவமானப்படுத்தாமல் தனியாக, அமைதியான வேளையில் திருத்துவோம். அதே நேரத்தில் தவறைத் தவறு என்று சொல்லவும் தயங்க வேண்டாம். கண்டும் காணாமல் விடுவது அன்பு ஆகாது.

ஐந்தாவது, இளையோரையே இளையோருக்குத் துணையாக்குவோம். கல்லூரி மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது இருவருமே வளர்கிறார்கள்.

ஆறாவது, எல்லையை அறிவோம். கடுமையான மனச்சோர்வு, போதைப் பழக்கம், தற்கொலை எண்ணம் போன்றவை தெரியவந்தால் நாமே சமாளிக்கலாம் என்று எண்ணாமல் மருத்துவரிடமும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

கட்டாயமாகக் கவனிக்க வேண்டியது

பெரியவர்கள்மீது இளையோர் வைத்த நம்பிக்கை திருச்சபைக்குள்ளும் சிலரால் சிதைக்கப்பட்டதை நாம் வேதனையோடு ஒப்புக்கொள்கிறோம். ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது, பாதுகாப்பும் தேவை. தொன் போஸ்கோ பிள்ளைகளோடு பழகியது பெரும்பாலும் திறந்த திடலில், பலர் நடுவில். நாமும் சிறுவர் சிறுமியரைப் பிறர் பார்வையில் படும் இடத்திலேயே, பெற்றோரும் பங்குத்தந்தையும் அறியச் சந்திக்க வேண்டும். இரவு நேரத்துத் தனிப்பட்ட கைப்பேசி உரையாடல், இரகசியமாக வைக்கச் சொல்லித் தரும் பரிசு இவற்றைத் தவிர்க்க வேண்டும். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பாதுகாக்கிறது. அவர்கள்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. நிறுவனத்தின் பெயர் கெடும் என்று மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. குழந்தைகள் உதவி எண் 1098 நம் பங்கு அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

அன்பார்ந்தவர்களே, 1846 ஜூலையில் தொன் போஸ்கோ சாகும் தறுவாயில் கிடந்தார். செங்கல் சுமந்தும் சுண்ணாம்பு குழைத்தும் பிழைத்த அந்த ஏழைச் சிறுவர்கள், வேலைக்கு நடுவிலும் ஆலயத்துக்கு ஓடி அவருக்காகச் செபித்தார்கள். சிலர் நோன்பிருந்தார்கள். அவர் பிழைத்தெழுந்தார். இனி என் உயிர் உங்களுக்கே உரியது என்று அவர்களிடம் சொன்னார். தங்களை நேசித்தவரை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, கோவில் மதிலோரம் வண்டியில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களை நாம் காண்போம். வழக்கம்போல் தலையசைத்துவிட்டுப் போகாமல் ஒரு நிமிடம் நிற்போம். பெயரைக் கேட்போம். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லி அழைப்போம். இளையோரின் தந்தையும் ஆசிரியருமான புனித ஜான் போஸ்கோவே, எங்களுக்காகவும் எங்கள் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.